‘குளோன் வார்ஸ்’ (2008): ஸ்டார் வார்ஸ் உலகுக்குள் பிள்ளைகளை இந்த அசைவூட்டப் படத்தின் வழியாக அழைத்துச் செல்லலாமா?

காத்ர்போர்ன் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது நடக்கிறது. பள்ளித் தோழிகளிடமிருந்து அசோகா டானோ என்னும் பாத்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள்முதல், அவள் முதன்முதலாகத் தோன்றும் படத்தைக் காட்டுமாறு என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். 2008 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்’ என்னும் 98 நிமிட அசைவூட்டப் படம்தான் அது, டேவ் ஃபிலோனி இயக்கியது. எனக்கோ அதைக் காட்டத் தயக்கமாக இருக்கிறது. என் தயக்கம் நியாயமானதுதானா என்று இங்குள்ளவர்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் குறுவட்டில் பார்த்தேன். குடியரசுக்கும் பிரிவினைவாதிகளுக்கும் போர் நடக்கிறது. கிறிஸ்டாஃப்சிஸ் என்னும் படிகக் கோளில், குடியரசின் பக்கம் நின்று போரிடும் ஜெடை என்னும் வீரர் மரபைச் சேர்ந்த அனாகினும் அவனுடைய குருவான ஓபி-வானும் முற்றுகையில் சிக்கியிருக்கும்போது, பதினான்கு வயது அசோகா அனாகினுக்குச் சீடராக வந்து சேர்கிறாள். அடுத்து, குற்றக் கும்பலின் தலைவனான ஜாபாவின் கைக்குழந்தை கடத்தப்படுகிறது. அதை மீட்டுக் கொடுத்தால்தான் ஜாபாவின் எல்லைக்குள் உள்ள வான்வழிகளில் குடியரசுப் படை செல்ல இயலும் என்பதால் ஜெடை வீரர்கள் புறப்படுகிறார்கள். கடத்தியவர்களோ பிரிவினைவாதிகளின் தலைவர் டூக்குவின் ஆட்கள். பழியை ஜெடைகள்மேல் போடுவதே அவர்கள் திட்டம். முழுப் படமும் இவ்வளவுதான். ஒரு பேரண்டமே பற்றி எரியும் போரின் நடுவில், நோயுற்ற குழந்தையை முதுகில் சுமந்துகொண்டு ஓடுவது மட்டுமே கதையாகிவிட்டது என்று அன்று எனக்குத் தோன்றியது. தொடக்கத்தில் மேலேறிச் செல்லும் மஞ்சள் எழுத்துகள்கூட இல்லை. பழைய போர்க்காலச் செய்திப்படங்களைப் போல ஒரு குரல் கதைச் சுருக்கத்தை அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேறொன்று. இந்தப் போர் முடியும் காலத்தைக் காட்டும் 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், அனாகினுக்கு ஒரு சீடர் இருந்ததாக ஒரு சொல்லும் கிடையாது. பின்னால் வந்தவர்கள் நடுவில் கொண்டுவந்து செருகிய ஒரு பாத்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை இந்த உலகத்துக்குள் நுழையலாமா?

ரோஸ்ஹில் ஆசிரியை:

வணக்கம் ஐயா. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவள் என்ற முறையில், நீங்கள் மனக்குறை என்று சொன்ன இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். அசோகாவைச் செருகிய பாத்திரமாக நான் பார்க்கவில்லை. அனாகின் பின்னர் எப்படித் தீமையின் பக்கம் வீழ்ந்து வேடர் ஆனான் என்பதை மூலப்படங்களைவிடத் தெளிவாக எனக்குக் காட்டியவள் அவள்தான்.

அனாகின் சீடரைக் கேட்கவில்லை. வந்தவளை முதலில் ஏற்கவும் மறுக்கிறான். ஓபி-வானுக்காக வந்தவள் என்றே நினைக்கிறான். அவளை அனுப்பியவர் ஜெடைகளின் மூத்த குருவான யோடா. அனாகின் கற்பிக்கத் தகுதி பெற்றுவிட்டான், ஆனால் கற்பித்த பின் சீடரை விட்டுவிடுவதே அவனுக்குக் கடினமாக இருக்கும், அதைத்தான் அவன் கற்க வேண்டும் என்று யோடா படத்தில் சொல்கிறார். இந்தப் படத்தின் உயிர் இந்த இடத்தில் இருப்பதாக எண்ணுகிறேன். பற்றைக் கைவிட முடியாத ஒருவனிடம் ஒரு குழந்தையை ஒப்படைத்து, வளர்த்த பிறகு விட்டுவிடு என்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஒரு வகுப்பை வழியனுப்பி வைக்கும் எவருக்கும் அந்தச் சோதனையின் கடுமை தெரியும்.

அவர்கள் இருவரும் பட்டப்பெயர் சொல்லி அழைத்துக்கொள்வதைப் பலர் சிறுபிள்ளைத்தனம் என்று குறை கூறினார்கள். அவன் அவளை ‘ஸ்னிப்ஸ்’ என்கிறான், அவள் அவனை ‘ஸ்கைகை’ என்கிறாள். குருவைப் பெயரிட்டு அழைப்பது நம் வழக்கத்தில் இல்லைதான். எனினும் இருபது வயதைச் சற்றே கடந்த ஒருவனும் பதினான்கு வயதுப் பெண்ணும் போர்க்களத்தில் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொள்ளும்போது, மரியாதை அந்த வடிவில்தான் தொடங்கும் என்பதை என் மாணவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிறிஸ்டாஃப்சிஸில் எதிரிகள் சூழ்ந்துகொண்ட அனாகின்மீது ஒரு சுவரையே அவள் சாய்க்கும் காட்சியை மீண்டும் பாருங்கள். அந்தச் சுவரில் இருந்த திறப்பு சரியாக அவன் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் அவன் உயிர் பிழைக்கிறான். அவன் கோபப்படுகிறான், அவள் தன் கணக்கில் உறுதியாக நிற்கிறாள். பாடம் நடத்துபவர் யார், கேட்பவர் யார் என்பது அந்த ஒரு கணத்தில் மாறிவிடுகிறது.

வண்ணக்கோல் (கியூர்பிப்):

ஆசிரியை அம்மாவின் கருத்தோடு உடன்படுகிறேன். நான் வரைகலைத் துறையில் இருப்பவன் ஆதலால், படத்தின் தோற்றத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கேயும் இந்தப் படத்துக்கு அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது.

முகங்கள் மரத்தில் செதுக்கியவைபோல இருக்கின்றன என்பது வெளியான காலத்தில் எழுந்த முதன்மையான குறை. அது தவறிப்போய் நேர்ந்ததன்று. 1960களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மலாட்டத் தொடரை ஜார்ஜ் லூகாஸ் மனத்தில் வைத்திருந்தார். பாத்திரங்களின் முகத்திலும் உடையிலும் தூரிகைத் தீற்றல்கள் தெரியும்படி, கையால் வண்ணம் பூசிய மரப்பாவைபோலச் செய்தார்கள். ஓபி-வானின் தாடி தனித்தனி மயிர்களாக இல்லாமல் ஒரே கட்டையில் செதுக்கிய வடிவமாக இருப்பதைக் கவனியுங்கள். வாரந்தோறும் ஓர் அத்தியாயம் தர வேண்டிய தொலைக்காட்சித் தொடருக்கு, ஒவ்வொரு மயிரையும் அசைக்கும் பணமும் நேரமும் கிடைக்காது. குறைவான வசதியை ஒரு பாணியாக மாற்றிக்கொண்டார்கள். அந்த முடிவை மதிக்கிறேன்.

படம் திரையரங்குக்கு வந்த விதமும் இதனோடு சேர்ந்தது. திரைப்படமாகவே திட்டமிட்டு எடுக்கப்பட்டதன்று இது. தொடருக்காகச் செய்த காட்சிகளைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்த லூகாஸ், இது திரையரங்கில் வெளிவரத் தகுந்தது என்று முடிவு செய்தார். அதனால்தான் முந்தைய ஆறு படங்களையும் வெளியிட்ட ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் இதை வெளியிடவில்லை. வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது, தொடரும் அதே குழுமத்தைச் சேர்ந்த கார்ட்டூன் நெட்வொர்க்கில் அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று தொடங்கியது. சுமார் 85 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் சுமார் 6 கோடியே 80 லட்சம் டாலர் ஈட்டியது. செலவோடு ஒப்பிட்டால் அது தோல்வியன்று. ஸ்டார் வார்ஸ் என்னும் பெயரோடு ஒப்பிட்டவர்களுக்குத்தான் அது தோல்வியாகத் தெரிந்தது.

டெத் என்னும் கோளில் செங்குத்தான பாறைமேல் இருக்கும் பழைய மடாலயத்தை நோக்கி, ஆறு கால் கொண்ட போர் ஊர்திகள் பாறையைப் பற்றிக்கொண்டு நேர்மேலே ஏறும் காட்சிக்காகவே இதைப் பெரிய திரையில் பார்க்கலாம். தரையில் நடந்த போரை அப்படியே தொண்ணூறு பாகை திருப்பி நிறுத்தியதுபோல இருக்கும். கெவின் கைனரின் இசை அங்கே தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு போகாமல், ஜான் வில்லியம்ஸின் வழியிலிருந்து துணிந்து விலகுகிறது. இசையைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

சேந்தாந்த்ரே தம்பி (ரீயூனியன்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இந்தப் படங்கள் எல்லாமே பிரெஞ்சு வழியாகத்தான் வந்தன. என் அப்பாவின் தலைமுறைக்கு வேடர் என்றால் தெரியாது, ‘டார்க் வாதோர்’ என்றால்தான் தெரியும். ஹான் சோலோ அவர்களுக்கு ‘யான் சோலோ’. ஆகவே எது மூலம், எது பின்னால் வந்தது என்ற கேள்வி எங்களுக்கு அவ்வளவு கனமானதாகப் படுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த வாசல் வழியாக நுழைந்தார்கள்.

அண்ணனுக்கு ஒரு நடைமுறைத் தகவல். தொடர் ஒளிபரப்பான வரிசையும் கதை நடக்கும் வரிசையும் ஒன்றல்ல. லூகாஸ்ஃபிலிம் நிறுவனமே வெளியிட்ட கால வரிசைப்படி இந்தப் படம் மூன்றாவதாகத்தான் வருகிறது. இரண்டாம் பருவத்தின் 16ஆவது அத்தியாயமும், பிறகு முதல் பருவத்தின் 16ஆவது அத்தியாயமும் படத்துக்கு முன் நடப்பவை. இரண்டுமே அதே கிறிஸ்டாஃப்சிஸ் முற்றுகையைப் பற்றியவை. அவ்விரண்டையும் முதலில் காட்டிவிட்டுப் படத்தைக் காட்டினால், நீங்கள் சொன்ன அவசரம் பெருமளவு குறையும்.

காத்ர்போர்ன் வாசகன்:

மூவருக்கும் நன்றி. வண்ணக்கோல் அவர்கள் சொன்ன தாடி விவரத்தை நான் கவனித்ததே இல்லை. ஆசிரியை அவர்கள் சொன்ன யோடாவின் கூற்றும் என் நினைவில் இல்லாமல் போனது. அதற்காகவே மீண்டும் பார்க்க வேண்டும்.

ஆயினும் தம்பி சொல்லும் வரிசை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரு படத்தைப் புரிந்துகொள்ள, அதற்குப் பல மாதங்கள் கழித்து ஒளிபரப்பான அத்தியாயங்களை முன்னதாகப் பார்க்க வேண்டும் என்றால், படம் தன் காலில் நிற்கவில்லை என்றுதானே பொருள்? 2008 ஆகஸ்டில் நுழைவுச்சீட்டு வாங்கி உட்கார்ந்தவர் கையில் அந்த அத்தியாயங்கள் இருக்கவில்லை. அவர் பார்த்தது குழந்தைக் கடத்தலையும், ஜாபாவின் ஹட் இனத்தைச் சேர்ந்த, பெண்மை கலந்த இழுப்புக் குரலில் பேசும் சீரோவையும்தான். குடியரசின் செனட்டரான பத்மே அவனிடம் அகப்பட்டு, உடனே மீட்கப்படும் பகுதி இப்போதும் எனக்குத் தேவையற்றதாகவே படுகிறது.

மோக்கா ஏடுகள்:

வணக்கம். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தின் தலைப்பில் இருப்பவர்கள் அனாகினும் இல்லை, அசோகாவும் இல்லை. தலைப்பு குளோன் வீரர்களுடையது. ஒரே மனிதனின் உடலிலிருந்து படியெடுத்து, பத்தே ஆண்டுகளில் முழு வளர்ச்சி அடையச் செய்து, போருக்கென்றே உருவாக்கப்பட்டவர்கள். பிறக்கும்போது அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அனாகினின் படைத்தலைவன் ரெக்ஸ் என்பவனின் எண் சிடி-7567; ஓபி-வானின் தளபதி கோடியின் எண் சிசி-2224. பெயரை அவர்களே தேடிக்கொள்கிறார்கள். தொடரில் வரும் ஒருவனுக்கு எண் 5555 ஆதலால் அவன் பெயர் ஃபைவ்ஸ் ஆகிறது. எண்ணுக்குள்ளிருந்தே ஒரு பெயரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டவன் அவன்.

மொரிஷியசில் வாழும் நான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் என் முன்னோர் ஒருவரைத் தேடச் சென்றபோது, அவருடைய பெயரைக் கொண்டு தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. எழுதியவர் காதில் விழுந்தபடி பெயர் சிதைந்திருந்தது. கடைசியில் அவரை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது ஒப்பந்தத் தொழிலாளியாக அவருக்கு இடப்பட்ட எண்தான். 1834 முதல் அடுத்த ஒரு நூற்றாண்டுக்குள் ஆப்ரவாசி காட் என்னும் குடியேற்றத் துறையின் படிகளைக் கடந்த நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அப்படி எண் இடப்பட்டது. அந்தப் பதிவேட்டைப் பார்த்து வந்த சில வாரங்களுக்குள் என் அக்கா மகனோடு அமர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் குழந்தை ஹட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மடாலய முற்றத்தில் விழுந்துகொண்டிருந்த வெள்ளைக் கவசங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முழுக் குழுவோடு பாறையேறிய ரெக்ஸ், ஒரு சிலரோடு மட்டும் எஞ்சி நிற்கிறான். விழுந்தவர்களுக்காகக் கதை ஒரு கணமும் நிற்பதில்லை. வாசகன் ஐயா, என்னைப் பொறுத்தவரை படத்தின் உண்மையான குறை அதுதான்; குழந்தைக் கடத்தலை நான் குறையாகக் கொள்ளவில்லை.

தம்பி சொன்ன வரிசை பயன்படும் இடம் இது. முதல் பருவத்தின் 16ஆவது அத்தியாயத்தின் பெயர் ‘மறைந்திருக்கும் எதிரி’ என்று பொருள்படும். அதில் படையினரின் இரகசியங்களை எதிரிக்குக் கொடுத்தவன் யார் என்று ரெக்ஸும் கோடியும் தேடுகிறார்கள். இறுதியில் பிடிபடுபவன் ஸ்லிக் என்னும் குளோன் வீரனே. ஏன் செய்தாய் என்று கேட்கும்போது, ஜெடைகள் நம்மை அடிமைகளாக வைத்திருக்கிறார்கள், நான் விடுதலைக்காகச் செய்தேன், என் சகோதரர்களை நேசிக்கிறேன் என்கிறான். ரெக்ஸும் கோடியும் அவனைத் துரோகி என்றே கருதுகிறார்கள். ஆனால் அவன் சொன்ன குற்றச்சாட்டுக்கு அந்த அத்தியாயத்தில் யாரும் விடை தருவதில்லை. கதைப்படி இதற்கு அடுத்து நடப்பதுதான் நாம் பேசும் படம். ஸ்லிக்கின் குரல் காதில் இருக்கும்போது டெத் கோளின் முற்றத்தைப் பாருங்கள். அதே காட்சி வேறொன்றாகிவிடும்.

ரோஸ்ஹில் ஆசிரியை:

மோக்கா ஐயாவின் பதிவை இருமுறை படித்தேன். மனம் கனத்தது. இருந்தாலும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நம் முன்னோர் பிறந்த ஊரும் தாய்தந்தையும் தெய்வமும் மொழியும் உடையவர்களாக வந்தார்கள். எண் அவர்கள்மேல் ஒட்டப்பட்டது. அவர்கள் எண்ணாகப் பிறக்கவில்லை. இங்கே கோயில் கட்டினார்கள், காவடி எடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டினார்கள். குளோன் வீரனுக்கு நினைத்துப் பார்க்க ஒரு கிராமம்கூட இல்லை. இரண்டையும் அருகருகே வைக்கும்போது நம் பாட்டன்மாரின் வாழ்க்கை சிறுத்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். பதினொரு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்வதானால் இன்னும் கவனம் வேண்டும்.

மோக்கா ஏடுகள்:

அம்மா, நீங்கள் சொல்வது சரி. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நான் எழுதிய விதத்தில் அந்தத் தொனி வந்திருந்தால் பிழை என்னுடையது. எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைத் தேடிப் பழகிய கண்ணோடு இந்தப் படத்தைப் பார்த்தேன் என்பதே நான் சொல்ல வந்தது. தொடரை உருவாக்கியவர்களுக்கும் அந்தக் கண் இருந்தது. படம் வெளியாகி ஏழு வாரங்களில் ஒளிபரப்பான முதல் அத்தியாயத்திலேயே, யோடா மூன்று குளோன் வீரர்களோடு ஒரு குகையில் அமர்கிறார். தலைக்கவசங்களைக் கழற்றச் சொல்கிறார். எங்கள் முகம் எல்லாம் ஒன்றுதானே என்கிறான் ஒருவன். கண் ஏமாற்றும், நீங்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு என்று சொல்லி, ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசுகிறார் அவர். படம் செய்யத் தவறியதைத் தொடர் முதல் நாளிலேயே செய்தது.

வண்ணக்கோல் (கியூர்பிப்):

இதற்கு வரைகலைச் சான்றும் உண்டு. குளோன்கள் அனைவருக்கும் குரல் கொடுத்தவர் டீ பிராட்லி பேக்கர் என்னும் ஒரே கலைஞர். ஒருவன் நிதானமாகப் பேசுவான், ஒருவன் சொற்களைக் கடித்துத் துப்புவான். முக வார்ப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே வேறுபாடு முழுவதையும் முடிவெட்டிலும், தழும்பிலும், கவசத்தின்மேல் அவர்களே பூசிக்கொண்ட வண்ணத்திலும் கொண்டுவர வேண்டியிருந்தது. ரெக்ஸின் ஒட்ட வெட்டிய பொன்னிற முடியும், தலைக்கவசத்தில் நீல வண்ணத்தில் தீட்டிய கண்களும் படத்திலேயே உண்டு. 133 அத்தியாயங்கள் கடந்து, 2020 மே 4 அன்று வந்த கடைசி அத்தியாயத்தில் இறந்த குளோன்களை அசோகாவும் ரெக்ஸும் புதைக்கிறார்கள். ஒவ்வொரு குழியின்மேலும் ஒரு கோல், ஒவ்வொரு கோலின்மேலும் ஒரு தலைக்கவசம். டெத் முற்றத்தில் நிற்காத கதை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே நின்றது.

சேந்தாந்த்ரே தம்பி (ரீயூனியன்):

வண்ணக்கோல் அண்ணா, கடைசி அத்தியாயத்தை வெளிப்படையாக எழுதிவிட்டீர்கள். அந்தச் சிறுமி இந்த இழையைப் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இனி வாசகன் அண்ணன் பொறுப்பு.

காத்ர்போர்ன் வாசகன்:

கவலைப்பட வேண்டாம் தம்பி, அவளுக்கு இந்த இழையைக் காட்டவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தம்பி சொன்ன வரிசையிலேயே பார்த்தோம்: வெள்ளிக்கிழமை இரவு இரண்டு அத்தியாயங்கள், சனிக்கிழமை மாலை படம். சீரோ வரும் பகுதியைப் பற்றி என் கருத்து மாறவில்லை. கடைசியில் பாலைவன மணலில் டூக்கு அனாகினைத் தடுக்கும்போது, குழந்தை இருப்பதாக நினைத்த பையில் கற்கள்தான் இருக்கின்றன, குழந்தையை அசோகா வேறு வழியில் சுமந்து செல்கிறாள் என்று தெரியவரும் இடத்தில் என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். குருவும் சீடரும் கலந்து செய்த அந்தத் தந்திரத்தை முன்பு நான் பொருட்படுத்தவே இல்லை. ஆசிரியை அவர்கள் சொன்ன சுவர்க் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லி இருமுறை பார்த்தாள்.

மோக்கா ஐயாவுக்கு ஒரு செய்தி. மடாலய முற்றத்துச் சண்டையின்போது படத்தை நிறுத்தச் சொன்னாள். விழுந்து கிடந்த ஒருவனைக் காட்டி, இவன் பெயர் என்ன அப்பா என்று கேட்டாள். நான் அறிந்தவரை படத்தில் அவனுக்குப் பெயர் இல்லை, அதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கவசத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திரைக்கு அருகே போய்ப் பார்த்தாள். ரெக்ஸ் கடைசிவரை இருப்பானா என்று அதற்குப் பிறகு தினமும் கேட்கிறாள். நான் சொல்லவில்லை. இன்று இரவு, யோடாவும் மூன்று வீரர்களும் வரும் அத்தியாயம்.